எண்பதாம் நம்பர் உப்புத்தாள்

பாலைவனத்துக்கு எண்பதாம் நம்பர்தான் சரி.
நூற்றிருபது ரொம்ப நைஸ்.
காலில் குத்தாத மணலில்
எந்தக் கௌபாய் நடப்பான்?

தெற்கு மாசி வீதி. ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது.
முதலாளி சாப்பிடப் போனால்
மூன்றரைக்குத்தான் வருவார்.
யாரோ வீட்டுக் காதணி விழாப் பத்திரிகை,
முதுகுப் பக்கம் வெறுமையாக இருந்தது.
அதுதான் அட்டை.

வானத்துக்குப் பெயிண்ட் கலர் கார்டில்
'மாலை ஆரஞ்சு' என்ற சதுரத்தை வெட்டினேன்.
சூரியனுக்கு ஒரு பித்தளை வாஷர்.
நடுவில் ஓட்டை இருக்கிறதே?
இருக்கட்டும்.
நம் ஊர்ச் சூரியனில் கொஞ்சம் ஒழுகிப்போனால்
நல்லதுதான்.

கள்ளிக்குப் பச்சை இன்சுலேஷன் டேப்.
திருமங்கலம் தாண்டினால் வேலியோரமெல்லாம் கள்ளிதான்,
ஆனால் ஜக்கரியா பார்க்கிற படங்களில்
அது இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கும்,
துப்பாக்கியைக் கண்டவன் மாதிரி.
நானும் தூக்கிவிட்டேன்.

வேலிக்குத் தீக்குச்சி, சுருக்குக் கயிற்றுக்குச் சணல்,
ஷெரிஃப் நட்சத்திரத்துக்கு
தலைவலி மாத்திரையின் வெள்ளித்தாள்.
தொப்பியை என் பழைய ரெக்ஸின் பர்ஸிலிருந்து வெட்டும்போது
அவன் தொப்பி ஞாபகம் வந்தது.
தமுக்கம் பொருட்காட்சியில்
நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கியது.
அதைப் போடாமல் லோடு ஆட்டோவை எடுக்க மாட்டான்.
கீழவாசல் சிக்னலில் போலீஸ்காரர் கேட்பார்:
"என்னாய்யா, குதிரைக்கு இன்சூரன்ஸ் இருக்கா?"
"சுல்தானாவுக்கு எல்லாம் கரெக்டா இருக்கு சார்."
சுல்தானா, பின்பக்கத் தகரத்தில்
சிவப்புப் பெயிண்டில் எழுதிய பேர்.
பெயிண்ட் நம்ம கடைதான். கடன் இன்னும் நோட்டில் நிற்கிறது.

குதிரைதான் வரவில்லை.
முதல் தடவை நாய் வந்தது.
அடுத்து கழுதை.
மூன்றாவது தடவை முதலாளியின் முகம்.
அழித்து அழித்துத் தாள் நைந்தது.

கடைசியில் ஒரு யூ ஆணியை எடுத்து
ஸ்டாம்ப் மையில் தொட்டு
ஒவ்வொன்றாக அழுத்தினேன்.
குளம்புத் தடம்!
கள்ளியடியில் தொடங்கி
வேலியைச் சுற்றிக்கொண்டு
அட்டையின் ஓரம் வரைக்கும் போய் நின்றது.

'சீக்கிரம் குணமாகு' என்று எழுதினால் சிரிப்பான்.
ஆகவே கொட்டை எழுத்தில்:
தேடப்படுகிறார்.
பிடித்துத் தருபவருக்கு
பன் பரோட்டா இரண்டு, கறி தோசை ஒன்று.

பெரியாஸ்பத்திரி, எலும்பு வார்டு.
மாவுக்கட்டுப் போட்ட கால்
ஒற்றை வெள்ளை பூட்ஸ் மாதிரி தொங்குகிறது.
மணலைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தான்.
"எண்பதா?"
"எண்பது."
எத்தனை மூட்டை இறக்கியிருப்பான், அவனுக்கா தெரியாது.

"குதிரை எங்கடா?"
"தண்ணி குடிக்கப் போயிருக்கு."
"வைகைக்கா? அப்ப இப்போதைக்கு வராது."
சிரித்தான். சிரித்ததில் கால் வலித்து
முகம் கோணியது. நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில்
பைனான்ஸ்காரர்கள் இரண்டு பேர்
சுல்தானாவைக் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள்.
காமராசர் சாலை முனை வரைக்கும்
பின்னாலேயே நடந்தேன்,
எதற்கென்று தெரியவில்லை.
அதை அட்டையில் எங்கும் ஒட்டவில்லை.

அவன் விரல் தடத்தின் மேலேயே போனது.
ஓரம் வந்ததும்
அட்டையைத் திருப்பினான்.
அங்கே எவர் வீட்டுக் குழந்தைக்கோ காது குத்துகிறார்கள்.
ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள்,
தங்கள் வரவை எதிர்நோக்கும்
என்று நிதானமாகப் படித்தான்.
பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டான்:

"அதுக்குள்ள வந்துருமாடா?"